போட்டோவில் விழாத வலி

போன வியாழக்கிழமை என் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். பிறந்ததிலிருந்து முப்பத்தாறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு!

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்த்த கையோடு என்னைத்தான் பார்த்தார்கள். "நல்லவேளைங்க, சின்னவ கூடவே இருந்தா. அவளாலதான் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேந்தாங்க" என்று சுல்தான்பேட்டை அத்தை நாலு பேரிடம் சொல்லிவிட்டார். நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

நேரத்துக்கா? அன்றைக்கு நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று கிணத்துக்கடவில், அக்காவின் மாமியார் வீட்டில், கட்டுச்சோறு விருந்து. மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு வரி: ஏழாம் மாதம் பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், கர்ப்பிணிக்கு ஊட்டி, வளையல் போட்டு, தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது. அழைத்தது நூற்றைம்பது பேரை. பந்தல், மேடைப் பூ, போட்டோ... எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்தான்; முந்தின நாளே அங்கே போய்விட்டேன். சும்மாவே கால் தரையில் நிற்காத ஆள் நான். அக்கா கர்ப்பமானதும் அவளுக்கு முன்னால் மூன்று ஆப் டவுன்லோடு பண்ணியவள். வீட்டில் என் பெயரே 'டாக்டரம்மா'.

காலை ஆறே முக்கால் மணிக்கு அக்கா என்னை ரூமுக்குள் கூப்பிட்டாள். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் வலி, வயிறு கல் மாதிரி இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் இளகிவிடுகிறது என்றாள். அப்போது அவளுக்கு முப்பத்தோராவது வாரம்.

டாக்டரம்மா சும்மா இருப்பாளா? ஆப்பைத் திறந்தேன். பிரசவத்துக்கு முன்னால் உடம்பு ஒத்திகை பார்க்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். ஐந்து நிமிடம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எதுக்கும் டாக்டருக்கு ஒரு போன் பண்ணீரலாமா அம்மணி?"

"பண்ணுனா உடனே வரச் சொல்லுவாங்கக்கா. அத்தன பேரும் கெளம்பிட்டாங்க. பத்து நாள் முன்னாடிதான செக்கப் போனோம்?"

கோவையிலிருந்து சோற்றுப் பாத்திரங்களோடு வந்து இறங்கிய அம்மாவின் பங்குக்கு, ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் வந்தது. சூட்டு வலி என்றால் குடித்த அரை மணியில் போய்விடும், நிஜ வலி என்றால் போகாது — எங்கள் பக்கத்தில் இதுதான் சோதனை. பத்து மாதம் நிறைந்த பெண்ணுக்குச் செய்கிற சோதனை அது. ஏழாம் மாதத்தில் அதைச் செய்கிறோமே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அரை மணி கழித்துக் கேட்டோம். "பரவால்ல" என்றாள் அக்கா. அது போய்விட்டது என்று அர்த்தமா? நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

ஆனாலும் எனக்கு ஆர்வம். ஒவ்வொரு இறுக்கத்தையும் மொபைலில் குறித்துக்கொண்டே வந்தேன். முதலில் இருபது நிமிடத்துக்கு ஒன்று. ஒன்பதரைக்குப் பதினைந்து. அவளை மேடையில் உட்கார வைத்தபோது பத்து. 'ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மருத்துவமனை போகவும்' என்றது ஆப். பத்துதானே? இன்னும் இருக்கிறதே! அந்தக் கணக்கு நாள் நிறைந்தவர்களுக்கு என்பதைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. வயிறு இறுகும்போது அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். போட்டோகிராபரிடம் "ஒரு நிமிஷம் பொறுங்கண்ணா" என்பேன். இளகியதும் அவள் சிரிப்பாள், நான் தலையாட்டுவேன், அவர் க்ளிக் செய்வார். அத்தனை படத்திலும் அக்கா சிரிக்கிறாள். அழகான ஆல்பம்!

இரண்டு மணிக்கு, கிளம்புவதற்காகப் பாத்திரங்களைக் காரில் ஏற்றும்போது, அவள் காலோடு தண்ணீர் இறங்கியது. அதற்குப் பிறகுதான் நான் 'நேரத்துக்கு' ஓடினேன். கோவை போகிற வழியில், ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது நாலு நிமிடத்துக்கு ஒன்று.

மருத்துவமனையில், வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். மொபைலை நீட்டினேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்கீங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

அவரே விளக்கினார். காலையிலேயே வந்திருந்தால், வலியை ஓரிரு நாள் தள்ளிப்போட மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி வேலை செய்திருக்கும். எல்லாருக்கும் வலி நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் முயற்சி செய்ய நேரம் இருந்திருக்கும் என்றார். ஊசி போட்டார்கள். அது வேலை செய்வதற்குள், நாலே முக்காலுக்கு அக்காவுக்கு மகள் பிறந்துவிட்டாள். ஒன்றரை கிலோ. மூச்சு விட மெஷின். பத்தொன்பது நாள் கழித்துத்தான் அக்கா அவளைத் தூக்கினாள்.

டாக்டர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன்னால் வயிறு விட்டுவிட்டு இறுகுகிறதா? இடுப்பில் வலி வந்து வந்து போகிறதா? மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுக்கிறதா? குழந்தை கீழே அழுத்துவது போல இருக்கிறதா? வெள்ளைப்படுவது திடீரென்று மாறியிருக்கிறதா? உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். தண்ணீர் குடிப்பதும் இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் போன் போட்ட பிறகு. நீராக இறங்கினாலோ ரத்தம் பட்டாலோ நேராக மருத்துவமனை. ஒத்திகையா, நிஜமா என்பதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆப் சொல்லாது. சீரகம் சொல்லாது. என்னைப் போல அரைகுறையாகப் படித்த தங்கச்சி நிச்சயமாகச் சொல்ல மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நீ சொன்னதுக்காக மட்டும் நான் மேடையில உக்காந்திருக்கல கண்ணு. வலி சாஸ்தியாவுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அத்தன பேரு முன்னால எந்திரிச்சுப் போறேன்னு சொல்ல வாய் வரல. நீ ஒண்ணுமில்லைன்னு சொன்னது எனக்குத் தோதாப் போச்சு."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. டாக்டருக்குப் போன் பண்ணலாமா என்று அவள் ஒரு முறை கேட்டுத்தான் பார்த்தாள், காலை ஆறே முக்காலுக்கு. வேண்டாம் என்றவள் நான். அதற்குப் பிறகு அவள் யாரிடம் கேட்பாள்?

உங்கள் வீட்டிலும் இந்த மாதம் ஒருத்தி கை நிறைய வளையலோடு மேடையில் உட்காரலாம். பக்கத்தில் போய் "ஏதாச்சும் பண்ணுதா?" என்று கேளுங்கள். "பரவால்ல" என்றாள் என்றால் — கார் சாவியை எடுங்கள்.