கில்ட்டின் அடிமடிப்பு

ஒஸ்லோ பைப் வாத்தியக் குழுவில் வாசிக்கும் மகளுக்கு ஸ்கொட்லாந்துக் கில்ட் பாவாடை தேவைப்பட்டது. நானே கையால் பிளீட் பிடித்துத் தைத்தேன். ஈரத்துணி விரித்து அயன் பண்ணியபோது எழுந்த ஆவியில் யாழ்ப்பாணத்து வீடு மணத்தது.

அம்மாவும் அக்காவின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைக்கு இப்படித்தான் பிளீட் பிடிப்பார். அடியில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத் தைப்பார்.

“வளருற பிள்ளை. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா அவிட்டு விடலாம்.”

கடைசியாகத் தைத்த சட்டையை அக்கா போட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் ஷெல் குண்டு விழுந்துவிட்டது.

“அம்மா, கில்ட்டுக்கு அடி மடிக்கிறேல்லை. ஏன் இவ்வளவு மடிச்சனீங்கள்?” என்றாள் மகள்.

“கைப்பழக்கம் பிள்ளை.”

தையலை அவிழ்க்கத் தொடங்கினேன். அன்றைக்கு அம்மாவும் இப்படித்தான் இருந்து, அந்த ஒரு சாணையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டு, பாயில் கிடத்தியிருந்த அக்காவுக்கு உடுத்திவிட்டார்.