பதினொரு மணிக்கு அலறிய சைரன்

உதட்டை நாக்கால் தொட்டால் உப்பு. சுடிதார் துப்பட்டாவில் உப்பு, டிபன் பாக்ஸ் மூடியில் உப்பு, கீபோர்டில்கூட உப்பு... மரக்காணத்தில் 2005 கோடை எனக்கு அப்படித்தான் போனது.

புதுப் பதவிக்கு வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. லீடர்ஷிப்பை எங்கே கற்றுக்கொண்டாய் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உப்பளத்தில்தான். சிரிக்காதீர்கள்.

அப்போது சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. முதல் முறையாக என்னை டீம் லீட் ஆக்கியிருந்தார்கள். டீம் என்றால் நானும், மரக்காணம் பக்கத்துக் கூனிமேட்டு எலக்ட்ரீஷியன் சாதிக் பாயும். அவ்வளவுதான்! ஆனால் எனக்கிருந்த மிதப்பு இருக்கிறதே...

வேலை கொடுத்தவர் அங்கே ஓர் உப்பள ஓனர். மழை வந்தால் அள்ளிக் குவித்த உப்பு கரைந்துபோகும். அதற்குள் ஆட்கள் ஓடிவந்து குவியல்களைக் கீற்றால் மூட வேண்டும். காற்றில் ஈரம் ஏறியதும் கம்ப்யூட்டரே சைரன் அடிக்கும்படி புரோகிராம் எழுதினேன். ஆபீஸ் ஏசி அறையில் ஈரத்துணி வைத்து டெஸ்ட் செய்தேன். அட்டகாசமாக அலறியது.

உப்பளத்திலும் அலறியது, முதல் நாளே, காலை பதினொரு மணிக்கு. விடியுமுன் வேலைக்கு வந்தவர்கள் அப்போதுதான் வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். போட்டது போட்டபடி ஓடிவந்து மூடினார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

மறுநாளும் பதினொன்று. அதற்கு மறுநாளும்...

மூன்றாம் நாள் ஆட்களின் மேஸ்திரி அஞ்சலை என் முன்னால் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏம்மா, தெனம் பதினோரு மணிக்குக் கடல் காத்து வரும்னு உனுக்குத் தெரியாதா? அதுக்குப் போய் உன் பொட்டி அலறுது. இனிமே நெஜமா மழை வந்தாலும் எவளும் ஓடியார மாட்டா, சொல்லிட்டேன்!"

கடல் காற்று ஈரத்தோடுதானே வரும்! அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேனேஜருக்கு போன் போட்டேன். "சென்சார் கோளாறுன்னு ஓனர்கிட்ட சொல்லிடு. நம்ம தப்புன்னு ஒத்துக்காதே. புராஜெக்ட் போச்சுன்னா உன் லீட் போஸ்ட்டும் போயிடும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! ஓனரையும் ஆட்களையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொல்லிவிட்டேன். "தப்பு என்னோடது. இங்க ஒரு நாள்கூட வந்து நிக்காம எழுதிட்டேன். ஒரு வாரம் குடுங்க."

ஓனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலைதான் வாய் திறந்தாள். "குடுங்க சார்... பாப்போம்."

அந்த வாரம் முழுக்கப் பாத்தி வரப்பில் நின்றேன். கடைசியில் புரோகிராமையே மாற்றினேன். ஈரம் ஏறினால் இனி சைரன் அடிக்காது. உப்பளத்து ஓரமிருந்த அஞ்சலை வீட்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது அவள். சைரன் பட்டனும் அவள் கையில்.

ஒயர் இழுத்து முடித்த சாதிக் பாய், "இன்ஷா அல்லாஹ், இந்தத் தடவ மானத்தக் காப்பாத்தும்மா" என்றார்.

பதினொரு மணிக்கு விளக்கு எரியும். "வந்துட்டியா?" என்று அதைக் கேட்டுவிட்டு அஞ்சலை சோறு வடிக்கப் போவாள்.

விளக்கு வைத்த ஆறாம் நாள் மதியம் மூன்று மணிக்கு மறுபடி எரிந்தது. வெளியே வந்தாள். மேற்கே கறுத்திருந்தது. ஓடிப்போய் பட்டனை அழுத்தினாள்.

மூன்று முறை ஏமாந்தவர்கள்... வருவார்களா?

வந்தார்கள்! ஒருத்தர் விடாமல் வந்தார்கள். அடித்தது அஞ்சலை என்று அவர்களுக்குத் தெரியும். கடைசிக் கீற்றை நானும் சாதிக் பாயும் இழுத்துப் போடும்போது முதல் துளி விழுந்தது. அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒரு குவியல் கரையவில்லை.

நனைந்துகொண்டே அஞ்சலை கத்தினாள். "ஏ கம்ப்யூட்டரு! செயிச்சிட்டோம்டி!"

அதற்கப்புறம் எத்தனையோ விருது மேடை ஏறிவிட்டேன். அந்தக் கத்தலுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது கண்ணாடி அறை, சுவர் முழுக்கத் திரை. யாராவது புது அலர்ட் சிஸ்டம் காட்டினால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "இது அலறினா சோத்த விட்டுட்டு ஓடிவரப் போறது யாரு? அவங்க கையில பட்டன் இருக்கா?" காட்டவந்த சின்னப் பிள்ளைகள் லேப்டாப்பை மூடிக்கொண்டு மாற்றி எழுதப் போவார்கள்.

அவர்கள் போனபின் சில நாள் நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்ப்பேன்... ஏசி அறையில் உப்பு ஏது?