நாத்து மட்டும் பச்சை

மேடையில் எனக்கு இருக்கும் பயம் பாட்டைப் பற்றியது அல்ல. சுருதி பிசகுமோ, வரி மறந்துபோகுமோ என்று நான் கவலைப்பட்டதே இல்லை. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் எங்கள் குழுவின் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு ஈரக்குலை நடுங்கும். "திண்டிவனம்" என்பேன். அதோடு விட்டால் புண்ணியவான்கள். "திண்டிவனத்துல எங்க?" என்று கீழேயிருந்து யாராவது தோண்டினால் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வீடு ஏது, எல்லாம் கடைதானே என்று இதுவரை யாரும் மடக்கியதில்லை.

திண்டிவனத்தில் நான் இருந்தது ஹாஸ்டலில். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும் வரை. வீடு அங்கிருந்து விழுப்புரம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் காலனியில். ஊர் தனி, காலனி தனி. நடுவில் ஒரு தார் ரோடு, ரோட்டுக்கு ஊர்ப்பக்கமாக ஒரு மாரியம்மன் கோயில். ஊர்க்காரர்களின் நிலத்தில் என் அம்மா நடவு நடுகிறாள், களை எடுக்கிறாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை பிடுங்குகிறாள்.

என் பாட்டும் அந்த நிலத்திலிருந்து வந்ததுதான். நடவில் ஒருத்தி பாட்டெடுப்பாள். வரிசையில் குனிந்திருக்கும் மற்றவர்கள் கடைசி அடியை வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் போக்கில்தான் கைகள் ஊன்றும், கால்கள் பின்னால் நகரும். யாராவது வாங்காமல் விட்டால் வரிசை கோணிக்கொள்ளும். அதனால் வாங்குவது என்பது அவர்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமில்லை, எடுப்புக் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எங்கள் காலனியில் பாட்டெடுப்பவள் என் அம்மா. அவளே கட்டிய பாட்டு ஒன்று உண்டு:

வானம் கறுத்திருக்கு, வரப்பும் கறுத்திருக்கு,
நட்ட கை கறுத்திருக்கு, நாத்து மட்டும் பச்சை.

"நாத்து மட்டும் பச்சையடி, நாத்து மட்டும் பச்சை" என்று வரிசை வாங்கும். வீட்டில் நான் இந்தப் பாட்டை முணுமுணுத்தாலும் அடுப்படியிலிருந்து அம்மா வாங்குவாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தான் வாங்குகிறோம் என்று தெரியாமலேயே.

விழுப்புரத்தில் ஓர் இசைக்குழுவில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பின்னால் நின்று கோரஸ் மட்டும். குழுவை நடத்துகிறவரை மாஸ்டர் என்போம். "உன் குரலு சுத்தமான நாட்டுப்புறக் குரலு. கலருதான் கொஞ்சம் பேஜாரு" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார். கெட்ட மனிதர் இல்லை, அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நடவுப் பாட்டெல்லாம் பாடியது ஒரு சிவந்த பெண். சேறு எப்படி இருக்கும் என்று அவளுக்குப் படத்தில்தான் தெரியும். வெயிலில் பிறந்த பாட்டுக்கு வெயிலே படாத முகம் வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது.

ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் முன்னால் வந்து அம்மாவின் பாட்டைப் பாடினேன். யாரோ போனில் பிடித்துப் போட்டுவிட, அது ஊர் ஊராகச் சுற்றியது. அதற்குப் பிறகு என்னைக் கேட்டே புக்கிங் வந்தது. மேக்கப் போடுகிற அக்கா என்னை மூன்று சுற்று வெளுப்பாக்குவார், மிச்சத்தை முழுக்கை ரவிக்கை மறைக்கும். அப்படி ஒரு கச்சேரி வீடியோவைப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "இன்னாடி இது, கோலமாவுல உருண்டு எழுந்த மாதிரி" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு ஓர் ஆடி மாதம், வேனில் போய்க்கொண்டிருக்கும்போது மாஸ்டர் அடுத்த வாரக் கச்சேரிகளைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பகல், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. ஊர் பெயரைச் சொன்னார். என் ஊர்.

எங்கள் குழுவில் முன்பு ரிதம் பேடு வாசித்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் எந்தத் தெருக்காரர் என்று ஒரு விழாக் குழுவுக்குத் தெரிந்துபோனது. யாரும் சண்டை போடவில்லை. அடுத்த வருடம் போன் செய்து, "அவரு மட்டும் வேணாங்க, மத்தவங்க வாங்க" என்றார்கள். இன்னும் இரண்டு ஊர்களிலிருந்தும் அதே போன் வந்தது. அவர் இப்போது கோட்டக்குப்பத்தில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிறார். என்னைத் தெரிந்துபோனால் எனக்கும் இதுதான். அதோடு போகுமா? அம்மாவை நாளைக்கு நடவுக்குக் கூப்பிடுவார்களா? வரவில்லை என்று சொல்லலாம். சொன்னால் பாட்டு அந்தச் சிவந்த பெண்ணிடம் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அன்னிக்கு நீ அந்தப் பக்கம் வராதம்மா."

"நான் இன்னாத்துக்கு வர்றேன்? நீ பயப்படாம பாடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில் மேடையேறினேன். முன்வரிசை நாற்காலிகளில் விழாக் குழுப் பெரியவர்கள். எல்லா முகமும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. வியர்வையில் பவுடர் கரைந்து கழுத்தில் வழிவதை உணர்ந்தேன். துடைத்தால் உள்ளே இருக்கும் கறுப்பு தெரிந்துவிடும் என்று கையைக் கட்டிப்போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி ஆட்கள் கூழ் வாங்கத் தூக்கோடு நின்றார்கள். இந்தப் பக்கம் வரக்கூடாது என்று இப்போதெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அங்கேதான் நிற்பார்கள்.

அம்மனுக்கு ஒரு பாட்டு பாடி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர், "அந்த நாத்துப் பாட்டு பாடும்மா" என்றார். அதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள். பாடினேன். "நட்ட கை கறுத்திருக்கு, நாத்து மட்டும் பச்சை" என்று முடித்து, கோரஸுக்காக நிறுத்தினேன்.

எங்கள் கோரஸ் வாய் திறப்பதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வாங்கிவிட்டார்கள். "நாத்து மட்டும் பச்சையடி, நாத்து மட்டும் பச்சை." இருபது பெண்கள், ஒரே குரலில், நடவு வரிசை அப்படியே. நடுவில் என் அம்மா. பாடிய பிறகுதான் தான் பாடியது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலிகள் எல்லாம் திரும்பின. முதலில் ரோட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னை. எங்கள் அறிவிப்பாளருக்கு ஒரே குஷி. "பார்றா, அங்க ஒரு கோரஸ் கோஷ்டியே நிக்குது. தங்கச்சி, அவங்க எல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"இல்லீங்கண்ணா. இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றேன்.

கரண்டு கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று காலனியைப் பார்த்தே இருந்தது. நான் சொன்னது எனக்கே அந்தப் பக்கமிருந்து திரும்பக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் லேசாகத் தலையாட்டினாள், சரியாகச் சொன்னாய் என்பது மாதிரி. பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு, கூழ் வாங்காமலேயே போய்விட்டாள்.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை, காலனிப் பெண்கள் பாட்டை வீடியோவில் கேட்டுப் படித்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் சால்வை போர்த்தினார். மறுநாள் அம்மாவை வழக்கம்போல நடவுக்குக் கூப்பிட்டார்கள். அந்த விஷயத்தை அவள் ஒரு முறைகூட எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் நான் அந்தப் பாட்டை எடுத்தால் அவள் வாங்குவதில்லை. வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பேன். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் வரும். அந்த நேரத்தில் எனக்கு வருகிற பயத்துக்கு முன்னால் மேடைப் பயமெல்லாம் ஒன்றுமே இல்லை.

போன மாதம் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவையோ அப்பாவையோ கட்டாயம் அழைத்து வரவேண்டும், கேமரா அவர்கள் முகத்தைக் காட்டும் என்றார்கள். அப்பா இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நான் எதுக்கும்மா? ஊரே பாக்கும்" என்றாள்.

"பாக்கட்டும். நான் எடுக்கறேன், நீ வாங்கணும்" என்றேன். சொல்லிவிட்டு, அங்கேயே, போனிலேயே எடுத்தேன். வானம் கறுத்திருக்கு. வரப்பும் கறுத்திருக்கு. மல்லாட்டை விற்கிற அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். நாத்து மட்டும் பச்சை என்று முடித்து நிறுத்தினேன்.

"பக்கத்துல யாருன்னா இருக்காங்களா?" என்றாள் அம்மா.

அவர்களும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். "இருக்காங்கம்மா. நெறைய பேரு இருக்காங்க" என்றேன்.

"அப்ப வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.