மிளகாய் பூசிய சிரிப்புச்சாமி

நோர்வூட் பக்கம் போகிறவர்கள் வழி கேட்டு எழுதுவதால் என் முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959 ஆகஸ்ட் விடுமுறை. கண்டியில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். ஐரோப்பாவின் அறிவொளிக் காலம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். மன்னனையும் மதகுருவையும் கேள்வி கேட்ட பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் தலைச்சிலை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடக்கிறது என்று நண்பர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒன்பது மைல், ஐம்பது நிமிடம். பிறகு இரண்டு மைல் ஏற்றம், நடைதான். மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு பக்கத்தில் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. பயம் என்று சொல்லமாட்டேன், நடையை மட்டும் எட்டிப் போட்டேன்.

சிலையைக் கொண்டுவந்து வைத்த பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனதும் புதிய துரை அதை வடிகாலில் உருட்டிவிட்டாராம். தோட்டத்து மக்கள் தூக்கி நிறுத்தி, எண்ணெய் வைத்து, சிரிப்புச்சாமி என்று பேரும் வைத்திருந்தார்கள். பூசாரிகளை வாழ்நாளெல்லாம் கேலி செய்தவர் நெற்றியில் திருநீறு. எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போனேன். கண், கன்னம், உதடு எங்கும் சிவப்பு. தூறலில் அது வழிய வழிய அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

பின்னால் ஒரு பெண் நின்றாள். செல்லம்மா, கொழுந்து பறிப்பவள். கையில் அரைத்த மிளகாய்க் கிண்ணம்.

“அநியாயம் நடந்தா சாமிக்கு மிளகா பூசுவோங்க. எரிஞ்சாத்தானே கண்ணத் தொறக்கும்.”

“என்னம்மா அநியாயம்?”

“நானும் எங்கப்பனும் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதாங்க பொறந்தோம். பிரஜாவுரிமை இல்லைங்கிறாங்க. நாளைக்கு ஹட்டன்ல கடைசி விசாரணை. நீங்க இவரத் தேடித்தான் வந்தீங்களாமே. யாருங்க இவரு?”

சாமி இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, வேறு கதையைச் சொன்னேன்.

“அநியாயமா மரண தண்டனை குடுத்த ஒருத்தருக்காக வருஷக்கணக்கா நியாயம் கேட்டவரும்மா.”

“ஜெயிச்சாருங்களா?”

“ஜெயிச்சாரு. ஆனா செத்தவன் செத்தவன்தானே.”

அவள் சாமியின் கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள். “கத தெரிஞ்ச நீங்களே பூசுங்க. கேக்கும்.”

ஊரெல்லாம் பகுத்தறிவு பேசும் நான் பூசினேன். அன்றைக்கு வெயிலே கிடையாது. கல் வெதுவெதுவென்று இருந்தது.

போகிறவர்கள் கம்பளிச் சட்டையும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே திரும்ப அவசரப்படாமல் ஹட்டனில் ஒரு இரவு தங்குங்கள். நானும் தங்கினேன், அந்த விசாரணைக்காக. அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார் அதிகாரி. லயத்தில் பிறந்தவனுக்கு யார் எழுதி வைத்தார்கள்? மனு தள்ளுபடி, ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வெளியே வந்து செல்லம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “இப்ப நான் எந்த ஊருங்க?”

ஐரோப்பா முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். விரலில் முந்தின நாள் மிளகாய் இன்னும் எரிந்தது.