லைன்மேன் வைத்துவிட்டுப் போன ரேடியோ

என் மேசையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஏரியல் உடைந்துபோன இடத்தில், டெலிபோன் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கறுப்புக் கம்பி ஒரு முழம் முறுக்கிச் செருகப்பட்டிருக்கிறது. பேட்டரி மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஒரு ரப்பர் பேண்டுதான் பேட்டரிகளைப் பிடித்து வைத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைப் போட்டு, எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தி, பக்கத்தில் என் கைப்பேசியை வைப்பேன். மெல்லிய இரைச்சல் மட்டும் வரும். அதைக் கேட்டுக்கொண்டே காபி குடிப்பேன். "பாடாத ரேடியோவைத் தினமும் உட்கார்ந்து கேட்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்" என்பாள் மனைவி. அந்த இரைச்சலில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியைக் கெடுத்தவனும் நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரேடியோவை வைத்துவிட்டுப் போனவர் லைன்மேன். செங்கல்பட்டுத் தொலைபேசி நிலையத்தில் நான் பொறியாளராக இருந்தபோது அவர் அங்கே லைன்மேனாக இருந்தார். மழையில் நனைந்த கேபிளைக் கையால் தடவியே எந்த இடத்தில் பழுது என்று சொல்லிவிடுவார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். அத்தனை வருடத்தில் என் அறைக்கு வந்த அவரை ஒருநாள்கூட உட்காரச் சொன்னதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர் என்பதும், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான் என்பதும் நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஓய்வுக்குப் பின் கூடுவாஞ்சேரி ரயில் நிலைய நடைமேடையில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு அதனுடன் சண்டை போடுவதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீற போன் சார். ஒரு கீறல் இல்ல. கம்பெனிக்காரன் இனிமே இதுக்கு அப்டேட் ஒண்ணும் தர மாட்டேன்றான், புதுசு வாங்கிக்கோன்றான். சரி, நானே உள்ள என்னா கீதுன்னு பாத்துக்கறேன்னா, அது உனக்குக் காட்ட மாட்டேன்றான். நம்ம சர்வீஸ்ல எந்த டப்பாவ சார் நாம தொறக்காம விட்டோம், சொல்லுங்க?"

அன்று எங்கள் ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த இரண்டு ரயில்களையும் தவறவிட்டோம். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு, அதன் மூலநிரலை, அதாவது அதை எழுதிய வரிகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதை அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, "அப்போ நாமளே பண்ணலாமே சார்" என்றார். மாடியில் ஓர் அறை கட்டலாமே என்பதுபோல அவ்வளவு எளிதாகச் சொன்னார்.

இப்படித் தொடங்கியது எங்கள் வேலை. உலகில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருந்ததை எடுத்து, அந்த ஒரு கைப்பேசிக்கு ஏற்ற முழுக்கக் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குவது. ஆர்வம் கொண்ட சிலர் இணையம் வழியாகச் சேர்ந்துகொண்டார்கள். விதிகள் இரண்டுதான். நாங்கள் போனுக்குள் வைக்கும் எதிலும், மூலநிரல் இல்லாத, திறந்து படிக்க முடியாத மூடிய கோப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் செய்தது, ஏன் செய்தது என்று பொதுப் பதிவேட்டில் எழுதவேண்டும். செல்போன் கோபுரத்தோடு பேசும் சில்லுக்குள், அதாவது சிப்புக்குள், அதன் தயாரிப்பாளர் வைத்ததை மட்டும் எங்களால் தொட முடியவில்லை. "அது பக்கத்து வூடு சார். நடுவுல கதவ சாத்திடுவோம்" என்றார் லைன்மேன். அதிலிருந்து எதுவும் எங்கள் பக்கம் நுழையாதபடி தடுத்துவைத்தோம்.

அவருக்கு நிரல் எழுத வராது. பழுது பார்க்க வரும். நான் எழுதுவேன், அவர் சோதிப்பார். எங்கள் இயங்குதளத்தில் முதல் அழைப்பு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் கூடத்தில் இருந்தேன், அவர் மொட்டைமாடியில் இருந்தார். நான் பேசுவது அவருக்குக் கேட்டது, அவர் பேசுவது எனக்கு வரவில்லை. மைக்குக்கான ஓர் எண்ணைத் திருத்திவிட்டு மறுபடி கூப்பிட்டேன். "ஹலோ, டெஸ்டிங், டெஸ்டிங், லைன் கிளியர்!" என்று அவர் போட்ட சத்தம் போனிலும் வந்தது, மாடிப்படி வழியாகவும் வந்தது, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்கு வந்தது. என் மனைவி அன்று கேசரி கிண்டினாள்.

கடைசியாக மிஞ்சியது ஜி.பி.எஸ். அது வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் லைன்மேனின் மச்சான். அவருடைய தங்கையைக் கட்டியவர், கோவளத்தில் படகு வைத்திருப்பவர். "பேச மட்டும்தான் வரும்னா அத வெச்சிக்கினு கரையிலயே குந்திக்கோ. எனக்குக் கடல்ல வழி காட்டணும்" என்று சொல்லிவிட்டார். போனிலிருந்த ஜி.பி.எஸ். சில்லு எண்களாகக் கொட்டும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தயாரித்த நிறுவனம் யாருக்கும் சொல்லவில்லை. லைன்மேன் ஒரு வழி கண்டுபிடித்தார். நிறுவனத்தின் பழைய மென்பொருள் ஓடும் அதே மாடல் போன் இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது, தெரிந்த இடத்தில் நிற்பது, சில்லு கொட்டும் எண்களைச் சேமிப்பது, நேரத்தையும் இடத்தையும் நோட்டில் எழுதுவது. எது மாறுகிறது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டால் பொருள் தானே வெளிவரும்.

செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் இறங்கி அரைமணி நேரம், பிறகு மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், பிறகு கடற்கரை. "மலை அடிவாரம், லேசாகத் தூறல், மணி பத்து பன்னிரண்டு, விநாடி நாற்பது" என்று அவர் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒருநாள் நானும் கூடப் போனேன்; இடத்தை அறிய வானில் குறைந்தது நாலு செயற்கைக்கோள் வேண்டும் என்று வழியில் சொல்லியிருந்தேன். மணலில் அசையாமல் போனை உயர்த்திப் பிடித்து நின்றவரைப் பார்த்து மீன் விற்கும் பெண் ஒருத்தி, "இன்னா அண்ணாத்த, மேல இன்னா தேடுற?" என்றாள். "வானத்துல நாலு ஆணி அடிச்சி வெச்சிக்கீறாங்க. ஒண்ணு ஆடுது" என்றார் இவர், முகத்தைத் துளியும் மாற்றாமல். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிஜமாகவே மேலே பார்த்தாள்.

என் தவறு இங்கேதான் வருகிறது.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரி அரங்கில் எங்கள் கைப்பேசியைக் காட்ட ஒரு நாள் குறித்திருந்தார்கள். ஜி.பி.எஸ். அதற்குள் தயாராகிவிடும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். தயாராகவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து ஜி.பி.எஸ்.ஸை இயக்கும் மூடிய கோப்பை அப்படியே எடுத்தேன். பெயரை மாற்றினேன். எங்கள் இயங்குதளத்துக்குள் வைத்தேன். லைன்மேனிடம், "முடிந்துவிட்டது, நானே எழுதிவிட்டேன்" என்றேன். மூலநிரல் எங்கே என்று குழுவினர் கேட்டபோது, "எழுத்து அலங்கோலமாக இருக்கிறது, ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்" என்றேன். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் நம்பிவிடும் பொய் அது.

லைன்மேன் போனைப் பார்த்தார். வரைபடத்தில் நீலப் புள்ளி எங்கள் தெருவில் சரியாக நின்றது. அவர் என் தோளில் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை. "சாதிச்சிட்டீங்க சார்" என்றார். நோட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினார். இரண்டு மாதம் வெயிலில் நின்று எழுதியவை. இனி அவற்றுக்கு வேலை இல்லை என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். அரங்கில் கைதட்டியபோதும் சும்மா நின்றேன். மச்சான் போனை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் லைன்மேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி வைத்த இட்லியைச் சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பையிலிருந்து இந்த ரேடியோவை எடுத்து மேசையில் வைத்து, தன் போனை அதன் அருகில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ரேடியோ 'டிர்ர், டிக்கி டிக்கி டிக்கி' என்றது. பழைய போன் கோபுரத்தோடு பேசினால் பக்கத்திலிருக்கும் ரேடியோவில் இப்படிக் கேட்கும்.

"போன் டவருக்கு ஆஜர் சொல்றது எனக்குத் தெரியும் சார். அது எப்பவோ ஒருவாட்டி. இது கால் மணிக்கு ஒருக்கா பேசுது. நான் யாரையும் கூப்பிடல. உள்ள கீற ஃபைல ஒவ்வொண்ணா கயிட்டிப் பாத்தேன். உங்க ஜி.பி.எஸ். ஃபைல எடுத்தா கம்முனு ஆயிடுது." தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "மச்சான் படகு எங்க நிக்குதுன்னு இது யாருக்கு சார் சொல்லிக்கினு கீது?"

அந்தக் கோப்பு இடத்தை விரைவாகக் கண்டுபிடித்ததே, நாம் இருக்கும் இடத்தை எங்கோ ஒரு கணினிக்குச் சொல்லி உதவி கேட்டுத்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பழைய கோப்பு ஏதாவது தவறுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும், பார்க்கிறேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "சரி சார்" என்றார். ரேடியோவை மட்டும் எடுக்கவில்லை. "இருக்கட்டும் சார். கேட்டுகினு இருங்க."

ஒன்பது நாள் கேட்டேன். என் போனிலும் அதே கோப்புதான். கால் மணிக்கு ஒருமுறை, சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, டிர்ர், டிக்கி டிக்கி. பதிவேட்டில் 'தேவையற்ற கோப்பு நீக்கம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அதைத் தூக்கிவிடலாம் என்று ஒருமுறை தட்டச்சுகூடச் செய்தேன். அனுப்பக் கை வரவில்லை. லைன்மேனும் கூப்பிடவில்லை. பத்தாம் நாள் காலை பஸ் ஏறிக் கோவளத்துக்குப் போனேன். கரையில் மச்சான் வலை பிரித்துக்கொண்டிருந்தார், லைன்மேன் படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மச்சான்தான் முதலில் வெடித்தார். "மீன் படற எடத்த என் கூடப் பொறந்தவனே என்னாண்ட கேக்க மாட்டான். நானும் அவன கேக்க மாட்டேன். நீ எவனுக்கோ ஓதிட்டியே சார்!" வலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கோபம் நியாயமானது.

லைன்மேன் மணலைத் தட்டிக் காட்டினார். "குந்து சார்." நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தையை அவர் எனக்குச் சொன்னார். உட்கார்ந்தேன். "விழா முடிஞ்சி கொஞ்ச நாள்லயே எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதுனாக்கூடப் போன் போட்டுப் படிச்சிக் காட்டுவ நீ. அம்மாம் பெரிய வேலைய முடிச்சிட்டுக் கம்முனு கீறியேன்னு பாத்தேன்."

"ஏன் கேட்கவில்லை?"

"நீயே சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். பேஜாரு பண்ணிட்ட போ." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். உள்ளே நான் பார்த்திராத இன்னொரு நோட்டு இருந்தது. விழா முடிந்து இரண்டு வாரத்தில் என் மூலநிரல் வெளிவராததைக் கண்டு மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறார். பெரும்பாலான எண்களுக்குப் பொருள் கண்டுபிடித்து, பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். "நிரல் எழுதத்தான் எனக்கு வராது. அதுக்குத்தான் நீ வோணும்."

அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. கோப்பை நீக்கி, பதிவேட்டில் காரணம் எழுதினேன்: 'இந்த மூடிய கோப்பை வைத்தவன் நான். நானே எழுதியது என்று பொய் சொன்னேன். இது பயனரின் இடத்தை வெளியே அனுப்புகிறது. எல்லாரும் உடனே நீக்குங்கள்.' குழுவில் இருவர் விலகிவிட்டார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

பிறகு வந்த மாதங்கள்போல் என் வாழ்வில் சந்தோஷமான மாதங்கள் குறைவு. அவர் நோட்டைப் படிக்க நான் எழுதினேன். மாமல்லபுரம் மணலில் முதல்முறை ஓட்டிப் பார்த்தபோது புள்ளி எங்களைக் கடலுக்குள் பல கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான், அன்றுதான் என்னிடம் மறுபடி வாய் திறந்தார்: "நீச்சல் தெரியுமா சார்?" லைன்மேன் தன் நோட்டில் எழுதிய நேரத்தையும் திரையில் வந்த நேரத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டார். சில விநாடி வித்தியாசம். செயற்கைக்கோள்களின் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைக் கழிக்க நான் மறந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். மறுபடி ஓட்டினோம். யாரிடமும் உதவி கேட்காத மென்பொருள் அல்லவா, நிதானமாகத்தான் தேடியது. நாலு நிமிடம் மூவரும் திரையைப் பார்த்து நின்றோம். புள்ளி கடலிலிருந்து எழுந்து கரைக்கு வந்து எங்கள் காலடியில் நின்றது. மச்சான் அந்த இடத்தைக் குதிகாலால் மிதித்து, "இங்கதான்! இங்கயேதான்!" என்று கத்தினார். லைன்மேன் ரேடியோவைக் கேட்கச் சொன்னார். அதைப் பையில் கொண்டுபோயிருந்தேன். வெறும் இரைச்சல். அலைச் சத்தத்தில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை. காதில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டோம்.

ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். இப்போது மச்சான் படகிலும் இன்னும் சில படகுகளிலும் அந்த மென்பொருள்தான் வழி காட்டுகிறது. நான் செய்தது மறையவில்லை. பதிவேட்டில் என் பெயரோடு அந்த வரிகள் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. ஆனால் அந்த ஒன்பது நாளைப் பற்றி அதில் எழுதவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. லைன்மேனிடம் சொன்னேன். "அதையும் எங்கனா எழுதிடு சார்" என்றார்.

இன்று காலை கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று 'டிர்ர், டிக்கி டிக்கி' என்றது. இப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படுவதில்லை. போன் மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே ரேடியோ சொல்லிவிடும். இந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். மணி அடித்தது. எடுத்தேன்.

"இன்னா சார், நாஸ்தா ஆச்சா? எழுதிட்டியா?"

"எழுதிவிட்டேன்."

"ஒம்போது நாளையும் போட்டியா?"

"போட்டுவிட்டேன்."

"அப்போ சரி. லைன் கிளியர்."

அவர் வைத்துவிட்டார். ரேடியோ மறுபடி இரைச்சலுக்குத் திரும்பியது.