நுனி கீழே பார்த்த முக்கோணம்

இன்று காலை கடலூரில் எங்கள் எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்குச் சிவப்பு எனாமல் அடித்தார்கள். டர்பன்டைன் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் எழுந்து போய்ச் சாத்தினேன். நாற்பது வருஷமாக அப்படித்தான் சாத்துகிறேன்.

குமராட்சிப் பக்கத்து எங்கள் ஊருக்கு அந்த வாசனை மாமாவோடு வந்தது. அம்மாவின் தம்பி; சிதம்பரத்தில் போர்டு எழுதிப் பிழைத்தவர். அண்ணாமலை நகரில் தங்கி வெள்ளத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், கொள்ளிடக் கரை எங்கெங்கே பலவீனமாக இருக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்ட, பெரிய வரைபடம் ஒன்றை எங்கள் ஊரில் நட்ட தகரப் பலகையில் எழுதச் சொல்லியிருந்தார். நீலத்தில் ஆறு, பழுப்பில் கரை, கரை உடையக்கூடிய இடங்களில் நுனி கீழே பார்க்கும் சிவப்பு முக்கோணம். "அவுரு ஊருல இதப் பாத்தா வண்டிய நிறுத்திடுவாங்களாம் பாப்பா. ஆபத்துன்னு அர்த்தம்" என்று மாமா எனக்குச் சொன்னபோது அவர் மூக்கில்கூடச் சிவப்பு ஒட்டியிருந்தது.

எங்கள் ஊரில் அதைப் பார்த்தால் நிற்க மாட்டார்கள், ஓடுவார்கள். ஆஸ்பத்திரிச் சுவரிலும் பஸ்ஸின் முதுகிலும் அதே முக்கோணம்தான்; குடும்பக் கட்டுப்பாடு, சுருக்கமாக "கு.க.". ஆண்களை ஜீப்பில் அள்ளிக்கொண்டு போய் அறுத்து அனுப்பிய காலத்தின் பயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. பலகையின் மூலையில் அர்த்தம் எழுதியிருந்தது, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க யாரும் குனியவில்லை. வெள்ளைக்காரர் தன் ஊர்க் கண்ணால் பார்த்தார், ஜனங்கள் தங்கள் தழும்பால் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் இரண்டையும் பார்த்தவள்.

பலகையில், கரையை ஒட்டிய கீழத்தெருவின் பக்கத்தில் ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. என் வகுப்பு மல்லிகாவின் வீடு அங்கேதான். ஏழாவதாகப் பிறந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் வருவாள், வந்தும் கணக்கில் என்னை முந்துவாள். ஒரு மதியம் சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றபோது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "ஒங்க தெருவுல முக்கோணம் போட்டாச்சு. ஒங்கப்பாவத்தான் மொதல்ல புடிச்சிக்கிட்டுப் போவாங்க. ஜாஸ்தியாப் பெத்து வெச்சிருக்காருல்ல."

வரிசை முழுக்கச் சிரித்தது. அது எனக்கு வெல்லமாக இனித்தது. மல்லிகா தன் காதை விட்டுவிட்டுத் தம்பியின் காதைப் பொத்தினாள்.

மறுநாள் காலை இரண்டாம் பூச்சுக்கு வந்த மாமாவை அவள் அப்பாவும் நாலு பேரும் மறித்தார்கள். "எங்க வூடுங்களுக்குக் குறி போடச் சொன்னது யாருடா" என்று கேட்டார்கள். கரை, உடைப்பு, வெள்ளம் என்று மாமா சொல்லச் சொல்ல, மண்வெட்டிக் காம்பு அவர் வலது கை விரல்களின் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கவிழ்ந்த டப்பாவிலிருந்து சிவப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள்.

ஐப்பசியில் கொள்ளிடம் கரையை உடைத்தது, முக்கோணம் சொன்ன அதே இடத்தில். பட்டப்பகலில் கீழத்தெரு போயிற்று. ஜனங்கள் எப்படியோ கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மல்லிகாவும் ஏறியிருந்தாள், இடுப்பு மட்டும் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

சுவர்களில் இருந்த முக்கோணங்கள் எப்போதோ வெளுத்துப்போயின. இப்போது கைபேசி வரைபடத்தில், நுனி கீழே பார்க்கும் சிவப்புக் குறி ஒன்று வா வா என்று கூப்பிடுகிறது, எல்லோரும் நம்பிப் போகிறார்கள். போன மாதம் நானும் அதை நம்பிக் கொள்ளிடக் கரைக்குப் போனேன். கீழத்தெரு அதில் இல்லை, தரையிலும் இல்லை.

அந்த வருஷம் மாமாவின் விரல்கள் கோணலாகவே கூடின. பிரஷ் பிடிக்க முடியாமல், குடிகாடு தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பையை இடது கையில் தூக்கி, பஸ் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"அது கு.க. இல்லன்னு ஒனக்குத் தெரியுமே பாப்பா. அவுங்களுக்கு யாரு அப்படிச் சொன்னது?"

"தெரியல மாமா."