பன்னிரண்டு வோல்ட்தானே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். பொய். அது கையில் இருக்கிறது. இருபது வருடமாக வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் லைட் கட்டுகிறவன் நான். ஏணியைச் சரியாகப் பிடிக்காதவன், கம்பத்தை ஆட்டியவன், வயரை மிதித்தவன் என்று என்னிடம் அறை வாங்காத ஆள் எங்கள் தொழிலில் குறைவு. பெண்டாட்டிமேல் மட்டும் கை வைத்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பாகூர் பக்கம் கரும்பு போடுகிறவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து, அதிலேயே தங்கி ஊர் சுற்றுகிற வண்டியாக மாற்றியிருந்தார். வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்துப்போய் பனித்திட்டுக் கடற்கரையில் நிறுத்திப் படுப்பார்களாம். அதற்கு வெளியே நாலு பக்கமும் வெளிச்சம் வேண்டும்.

“வண்டி வயரிங் வேற மாப்ள. அதுக்குன்னு ஒரு ஆளு இருக்கான், இட்டாரட்டுமா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தேரையே ஜொலிக்க வைக்கிறவனுக்கு இந்தத் தகர டப்பா ஒரு பொருட்டா? நானே செய்கிறேன் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய களத்துமேட்டில் வேலையைத் தொடங்கினேன். என் மனைவி வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னலுக்குத் திரைத்துணி தைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டுக் கதவின் உள்பிடி உடைந்திருந்தது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். பின்கதவைக் கட்டில் அடைத்திருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. கதவுக்கு மேலே விளக்கு மாட்ட வேண்டியிருந்ததால், “கொஞ்ச நேரம் இரு” என்று சொல்லி நானே கதவை இழுத்துச் சாத்தினேன்.

மதியத்துக்குள் எட்டு விளக்கும் ஏறிவிட்டன. பேட்டரியிலிருந்து கூரைப் பலகைக்குள்ளாக வயரை ஓட்டியிருந்தேன். டிரைவர் சீட்டுப் பக்கத்தில் வைத்திருந்த சுவிட்சைப் போட்டேன். எரிந்தன, உடனே அணைந்தன. பியூஸ் போயிருந்தது. வேறு போட்டேன். அதுவும் போனது.

“பியூஸ் மட்டம் மச்சான்” என்றேன்.

அவர் சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமி வீதியில் வரும்போது விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் ஊரே அடிக்க வரும். பியூஸ் போனால் கோளாறு எங்கே என்று தேட நேரம் ஏது? தடித்த செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகிவிடுவோம். மற்றதைச் சாமி கோயிலுக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்று சாமியும் இல்லை, ஊரும் இல்லை. மச்சானின் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது. கம்பியை முறுக்கிச் சொருகினேன்.

“இன்னா மாப்ள பண்ற? பியூஸ் போவுதுன்னா எங்கியோ வயர் நசுங்கிக் கெடக்குதுன்னு அர்த்தம். மேல போல்ட்டாண்ட பாரு.”

“பன்னெண்டு வோல்ட்தான? தொட்டா கூச்சங்கூட வராது. இது இன்னா பண்ணிடும்?”

சுவிட்சைப் போட்டேன். எட்டும் எரிந்தன. மங்கலாகத்தான் எரிந்தன, ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மச்சான் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒன்று விட்டேன்.

அவர் வாங்கிக்கொண்டு போகிற ஆளில்லை. கரும்பு வெட்டிய கை அது. வயிற்றில் குத்தினார், மூச்சு நின்றுபோனது. இரண்டு பேரும் மண்ணில் புரண்டோம். அவர் காதைக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவர் என் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தரையில் தேய்த்தார். கையில் ஸ்பேனர் சிக்கியது, அவர் முழங்கையில் இறக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டம் டம்மென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் தலைக்குள் கேட்கிற சத்தம் என்று நினைத்தேன். கண்ணாடி உடைந்தபோதுதான் திரும்பினேன். ஜன்னல் முழுக்கக் கரும்புகை. அதற்கு நடுவில், காலையில் நான் உள்ளே வைத்துவிட்டு வந்த சுத்தியலைப் பிடித்தபடி அவள் கை, முழங்கைவரை ரத்தம்.

மச்சான் ஓடிப்போய் பேட்டரி வயரை வெறுங்கையால் பிய்த்தார். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. நான் கதவை இழுத்துத் திறந்தேன். எரிகிற திரைத்துணியைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு, இருமிக்கொண்டே இறங்கினாள். என்னைப் பார்த்தாள். சுத்தியல் என் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். “எவ்ளோ நேரம் தட்டுனேன்” என்பதை மட்டும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கையில் ஒன்பது தையல். டாக்டர் என் தோளைப் பார்த்துவிட்டு எப்படி என்று கேட்டார்.

“ஏணியிலேர்ந்து வுழுந்துட்டேன் சார்.”

“பொய் சொல்றாரு டாக்டர். நான்தான் அடிச்சேன்” என்றாள் அவள். “தலைக்குத்தான் ஓங்குனேன். கையெல்லாம் ரத்தம், வழுக்கிடுச்சி.”